தாமாக முன்வந்து தெரிவித்தார்

செருப்பு அங்கேயே கிடக்கட்டும், உள்ளே வாம்மா. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காரு. உன்னைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, தவராசா பொண்ணுன்னு. முகத்தை வைச்சுச் சொல்லலை. முகம் யாருக்கு ஞாபகம் இருக்கு. கேட் திறந்துதான் கிடக்குது, நீ வெளியிலேயே நின்னு ஐயா, ஐயான்னு ரெண்டு தடவை கூப்பிட்டே பாரு, அதில் தெரிஞ்சது. எங்க தெருப் பிள்ளைங்க கேட்டை உதைச்சுக்கிட்டு வரும். அகதி முகாம் பிள்ளைங்கதான் கூப்பிட்டுட்டு நிக்கும்.

நிரோஜினி. பேர் சரிதானே? பார்த்தியா. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு பேர் மறக்கலை.

அந்தப் பேப்பரை மடியிலேயே வை, அப்புறம் பார்க்கலாம். உங்க வக்கீலம்மா போனில் எல்லாம் சொன்னாங்க. நாளைக்குக் காலையில் மதுரை பெஞ்சில் கேஸ் வருது, வியாழக்கிழமை உங்கப்பாவைக் கொழும்பு பிளைட்டில் ஏத்துறாங்க, அதை நிறுத்தணும்னா இந்த ரெத்தினவேல் கையெழுத்து வேணும். அவ்வளவுதான். போடுறதுன்னா ஒரு நிமிஷ வேலை. ஆனா எதில் போடுறோம்னு தெரியணும் இல்லையா? எல்லாரும் பேப்பரைத்தான் நீட்டுறாங்க, நடந்தது என்னன்னு கேட்க ஒரு ஆள் இல்லை. நீ கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு, நான் என்ன தப்பு பண்ணினேன்னு.

முப்பத்துநாலு வருஷம் ஆயுதப்படையில் இருந்தேன். ஆயுதப்படைன்னா துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஓடுவான்னு நினைச்சுக்காதே. என் வேலை பூராவும் வழிக்காவல். ஜெயிலில் இருக்கிற ஆளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறது, பரோலில் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்கிறது. ஒரு ஆள் தப்பினதில்லை. ஒரு ஆள் மேல் கை வைச்சதில்லை. வேனில் ஏறினதும் சாப்பிட்டியான்னுதான் முதலில் கேட்பேன். எந்த ஜெயிலில் வேணாலும் போய் விசாரி, எஸ்.எஸ்.ஐ. ரெத்தினவேல் எப்படிப்பட்ட ஆளுன்னு.

உங்கப்பா ஒண்ணும் செய்யாதவர்னு நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்ல மாட்டே. அவரே சொன்னதில்லை. இங்கே நம்ம கடலோரத்தில் ஒரு போட் இன்ஜின் பட்டறையில் அவர் கொண்டுபோய் வைச்ச மூட்டைதான் வெடிச்சது. காவலுக்குப் படுத்திருந்த பெரியவர் செத்துப்போனார். அங்கே உங்க நாட்டில் சண்டை முடிஞ்சு அடுத்த வருஷம். எல்லாம் முடிஞ்ச பிறகு எதுக்குய்யா அந்த மூட்டைன்னு வேனில் போகும்போது நான் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். அப்புறம் சொன்னார்.

"முடிஞ்சுதெண்டு எங்களுக்கு ஆர் ஐயா வந்து சொன்னது?"

அதுக்கு மேலே நான் கேட்கலை. செத்த பெரியவர் பேரையும் ஊரையும் சொன்னார், அவருக்கு எத்தனை பிள்ளைங்கன்னுகூட வைச்சிருந்தார் மனசில். எனக்குத்தான் அந்தப் பேர் வரமாட்டேங்குது. அது கிடக்கட்டும். பயங்கரவாதச் சட்டத்தில் பதினாலு வருஷம் கொடுத்தாங்க. கொடுத்தது சரி, அனுபவிச்சதும் சரி. அதில் நமக்கு ஒரு வழக்கும் இல்லை.

அந்த மூணு நாளுக்கு வர்றேன்.

உங்கம்மா கிட்னி கெட்டுப்போய்ச் செத்தப்போ உங்கப்பாவை விடலை. வெளிநாட்டு ஆள், அதுவும் இந்த மாதிரி கேஸ், பரோல் கிடையாதுன்னு ஜெயிலில் எழுதிக் கொடுத்துட்டாங்க. ரூல்ஸ் அது. நீங்க ஹைகோர்ட் போய் ஆர்டர் வாங்குறதுக்குள்ளே எரிச்சாச்சு, எட்டாம் நாள் காரியமும் முடிஞ்சாச்சு. முப்பத்தொண்ணாம் நாளுக்குத்தான் வர முடிஞ்சது. எங்க பக்கம் பதினாறோடு காரியம் முடிஞ்சிடும், ஜட்ஜுக்கே புரியலையாம். முப்பத்தொண்ணில் என்ன சடங்குன்னு கேட்டு, அந்தியேட்டின்னு உங்க ஆட்கள் சொல்லி, ஆர்டரில் அதுக்கு ஒரு பாரா விளக்கமே போட்டிருந்தாங்க. படிச்சு எங்களுக்கும் ஒரு விஷயம் தெரிஞ்சது. மூணு நாள், காலையில் ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், முகாமில் உங்க வீட்டை விட்டு நகரக் கூடாது. வெளியாள் சந்திக்கக் கூடாது. போன் கூடவே கூடாது. போனுக்கு அடியில் கோடு போட்டிருந்தது.

வீடு என்ன வீடு. ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், கதவில் நம்பர். நாங்க போலீஸ் மூணு பேர், உங்கப்பா, நீ, சுவரில் உங்கம்மா போட்டோ. அக்கம்பக்கத்துச் சனம் பூரா வெளியிலேயே நின்னது, எங்களைப் பார்த்துட்டு. நான்தான் வெளியே போய், ஏன் நிக்கிறீங்க, துக்க வீடு, உள்ளே வந்து பார்த்துட்டுப் போங்கன்னு சொன்னேன். ஆர்டர்படி அதுவே தப்பு. வெளியாள் சந்திப்பு. ரிப்போர்ட்டில் எழுதினேனா? எழுதலை.

விலங்கு வாசலிலேயே கழட்டச் சொன்னதும் நான்தான். பெண்டாட்டி போட்டோவுக்கு முன்னாடி விலங்கோடு உட்காரலாமான்னு நம்ம பையன்களைத் திட்டினேன். அன்னைக்கு நீ வைச்ச சொதி இருக்கே, தேங்காய்ப்பாலில், அதை இன்னைக்கும் வீட்டில் சொல்லிக்கிட்டு இருக்கேன். படையல் போட்டதும் முதல் இலையை எனக்குக் கொண்டுவந்து வைச்சே. வேண்டாம்மா, அப்பாவுக்கு வைன்னு சொன்னேன். ஐயா சாப்பிட்டாத்தான் அப்பா சாப்பிடுவார்னு சொன்னே. நான் அப்படி ஒரு மரியாதையை என் சொந்தக்காரன் வீட்டில் பார்த்ததில்லை.

அப்புறம்தான் நீ போன் கேட்டே.

நீதான் கேட்டே, உங்கப்பா கேட்கலை. அதை மறந்துடாதே. மன்னாரில் உங்க அப்பத்தாவுக்கு, நீங்க எப்படிச் சொல்வீங்க, அப்பம்மாவா, சரி, அப்பம்மாவுக்கு எண்பது தாண்டிடுச்சு, கண் தெரியலை, மகன் ஜெயிலில் இருக்கிறதே தெரியாது, இந்தியாவில் ரைஸ்மில்லில் வேலைன்னு சொல்லி வைச்சிருக்கோம், மருமகள் செத்த வீட்டில் ஒரு வார்த்தை பேசலைன்னா கிழவி தாங்காதுன்னு நீ வந்து நின்னே. உங்க வீட்டுப் போன்களை எல்லாம் வந்ததுமே வாங்கி வேனில் வைச்சாச்சு. நான் யோசிச்சேன். யோசிக்கலைன்னு நினைக்காதே. கூட வந்த ரெண்டு பேரையும் டீக்கு அனுப்பிட்டு, என் போனையே எடுத்துக் கொடுத்தேன். என் பையன் குவைத்திலிருந்து அனுப்பின போன். எனக்கு யாராவது அப்படிக் கொடுப்பாங்களா? ஸ்பீக்கரில் போட்டுப் பேசணும், அது மட்டும் கண்டிஷன்னேன்.

நீ அடுப்படிப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னுட்டே. கேட்க முடியலை உனக்கு. அதனால்தான் சொல்றேன், முழுசாக் கேட்டது நான் ஒருத்தன்தான். கிழவி அந்தப் பக்கம் அழுகுது. எப்படா வருவே, நான் கண்ணை மூட முன்னம் வருவியாடாங்குது. உன்ரை தம்பி எங்கேங்குது. உங்கப்பா அழலை. குரலைச் சிரிக்கிற மாதிரி வைச்சுக்கிட்டார்.

"வாறன் அம்மா. மில் வேலை முடியுது, முடிஞ்ச உடனே வாறன். இப்ப அங்க ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே, என்னை ஆர் என்ன செய்யிறது? தம்பியோடயும் கதைச்சனான். அவன் நல்லா இருக்கிறான். கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு அவனே வந்து என்னை ஏத்திக்கொண்டு வருவான். நீங்க அழாம இருங்கோ."

நாலு நிமிஷம். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது துண்டால் துடைச்சுக் கொடுத்தார். நானும் கண்ணைத் துடைச்சேன், பொய் சொல்லலை. அன்னைக்கு ஆறு மணிக்கு வேன் ஏறும்போது நினைச்சேன், இந்த ஆளுக்கு நம்மால் ஆனதைச் செய்யணும்னு.

அதைத்தான் செஞ்சேன்.

வழிக்காவல் ரிப்போர்ட்னு ஒண்ணு உண்டும்மா. கைதியைத் திரும்ப ஒப்படைச்சதும் எழுதிக் கொடுக்கணும். நடத்தை எப்படி, யாரைப் பார்த்தார், என்ன பேசினார். எங்க ஆட்கள் மூணே வரி எழுதுவாங்க. கைதியை அழைத்துச் சென்று அழைத்து வந்தோம், நடத்தை நன்று, வேறு விசேஷம் இல்லை. முடிஞ்சது. அவ்வளவுதான் யாரும் கேட்கிறதும். நான் உங்கப்பாவுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் எழுத்துக்கு ஆயுதப்படையில் ஒரு பேர் உண்டு. இன்ஸ்பெக்டரே கூப்பிட்டு எழுதச் சொல்லுவார். சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து எழுதினேன்.

என்ன எழுதினேன்னு மனப்பாடமாச் சொல்லவா? இப்போ உங்க வக்கீலம்மாவும் மனப்பாடமாச் சொல்றாங்க. "மேற்படி கைதி, தன் சொந்த நாட்டில் தன் தாயாரும் தம்பியும் நல்ல நிலையில் வசித்து வருவதாகவும், அங்கு தனக்கு எவ்வித அச்சுறுத்தலும் இல்லை எனவும், விடுதலைக்குப் பின் அங்கு சென்று அமைதியாக வாழவே விரும்புவதாகவும் தாமாக முன்வந்து தெரிவித்தார்."

நல்லா இல்லையா? படிக்கிற அதிகாரிக்கு என்ன தோணும்? பயங்கரவாதின்னு போட்டிருக்கான், ஆனா ஆளு அம்மாவை நினைச்சு உருகுறான், அமைதியா வாழணும்கிறான், இவனால் இனிமேல் யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு தோணும். தோணுச்சு. தோணினதால்தான் முன்விடுதலை கொடுத்தாங்க. பதினாலு மாசம் முன்னாடியே. யாரால்? அதை உங்க வக்கீலம்மா சொல்ல மாட்டாங்க.

போனில் பேசினார்னு ஏன் எழுதலைன்னு கேட்கிறே. எப்படிம்மா எழுதுறது? அடியில் கோடு போட்டு இருக்குது போன் கூடாதுன்னு. அப்படி எழுதியிருந்தால் கண்டிஷனை மீறினார்னு அவர் பேரில் ஒரு குற்றம் சேரும், அடுத்த தடவை பரோல்னு வாயைத் திறக்க முடியாது. அவரைக் காப்பாத்தத்தான் என்கிட்டே நேரில் சொன்ன மாதிரி மாத்தினேன். தாமாக முன்வந்துன்னு போட்டால் மதிப்பு ஜாஸ்தி. வற்புறுத்திக் கேட்டதில்லைன்னு அர்த்தம். ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதணும். என் வேலையும் தப்பிச்சது, அது உண்மைதான், இல்லைங்கலை. ஆனா அதுக்காக எழுதலை.

ரைஸ்மில் கதையை எழுதலை பாரு. அது பொய்ன்னு எனக்குத் தெரியும். ஜெயிலில் இருக்கிற ஆள் மில்லில் இருக்கேன்னு சொன்னால் பொய்தானே. அதை விட்டுட்டேன். உண்மையை மட்டும்தான் எழுதினேன்.

தலையைக் குனியாதே. குடி, தண்ணியாவது குடி.

சரி, விடுதலை அன்னைக்கு நீ புதுச் சட்டை ஒண்ணு வாங்கிக்கிட்டு கேட்டில் நின்னியாமே. வார்டர் ஒருத்தர் சொன்னார். உங்கப்பா ஒரு கேட் வழியா வெளியே வந்தார், வெளியே நின்ன வேனில் ஏத்தி நேரா சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோயிட்டாங்க. சட்டையைக்கூட வாங்கலை. அது நான் ரிட்டயர் ஆன பிறகு நடந்தது. நான் இருந்திருந்தால் சட்டையை வாங்கி மாத்தவிட்டுக் கூட்டிப்போயிருப்பேன். இப்ப இருக்கிற பையன்களுக்கு அதெல்லாம் தெரியாது.

சிறப்பு முகாம்னா வெளிநாட்டு ஆளை ஊருக்கு அனுப்புற வரைக்கும் வைச்சிருக்கிற இடம், ஜெயில் இல்லைன்னு சொல்லுவாங்க. சுவர் இருக்கும், பூட்டு இருக்கும், ஆனா ஜெயில் இல்லை. அங்கேயிருந்து உங்கப்பா மனு போட்டார். பொண்டாட்டி செத்த மண் இது, பொண்ணு இங்கே இருக்குது, அங்கே போனால் ஏர்போர்ட்டிலேயே பிடிச்சுக்குவாங்க, என்னோடு கேஸில் இருந்த விமலனைப் போன வருஷம் அனுப்பினாங்க, அவனைத் தேடி அவன் அம்மா இன்னும் ஆபீஸ் ஆபீஸா அலையுதுன்னு. டெல்லியில் ஒரு கமிட்டி உட்கார்ந்து பார்த்தது. உத்தரவில் ஆறாவது பாரா. வக்கீலம்மா போனில் படிச்சுக் காட்டினாங்க. மனுதாரர் இப்போது அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறுவது ஏற்கத்தக்கதல்ல, ஏனெனில் அவரே வழிக்காவல் அதிகாரியிடம், அப்புறம் என் வரி. அப்படியே. ஒரு எழுத்து மாத்தலை. கீழே என் பேரும் போட்டிருக்காங்க. முப்பத்துநாலு வருஷத்தில் டெல்லி வரைக்கும் போன என் எழுத்து அது ஒண்ணுதான்.

இல்லைம்மா, சந்தோஷப்பட்டேன்னு சொல்லலை. சொல்றேன், போச்சுன்னு.

இப்போ இந்தப் பேப்பர். கொடு பார்ப்போம். கண்ணாடி எங்கே வைச்சேன். இந்தா இருக்கு.

ம். "நான் அளித்த அறிக்கையில் கண்டுள்ள வாசகங்கள் கைதி என்னிடம் கூறியவை அல்ல. பார்வையற்ற தன் தாயாருக்கு ஆறுதலாக, எனது கைப்பேசி வழியாக, அவர் கூறியவை." ம். "கைதியின் தம்பி கபிலதாஸ் போரின் இறுதி நாள்களில் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டு இன்றுவரை காணாமல் போனவர் ஆவார் என்பது எனக்கு அப்போது தெரியாது."

இது எனக்குத் தெரியாதும்மா. கடவுள் சத்தியமா தெரியாது.

அப்போ தம்பியோடு கதைச்சேன்னு சொன்னது? ஏர்போர்ட்டுக்கு வருவான்னு சொன்னது? எத்தனை வருஷமாக் கிழவிக்கு இப்படிச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க? நீயும் சொல்லுவியா? சித்தப்பா மாதிரி நீயே மெசேஜ் அனுப்பி, அதை யாரையாவது விட்டு வாசிச்சுக் காட்டுவீங்களா? சரிதான்.

எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் வெளியாள். ஒரு மனுஷன் பெத்த தாய்கிட்டே பேசுறான், சிரிச்ச குரலில் பேசுறான், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவன் என்னன்னு எடுத்துக்குவான்? பொய்ன்னா எனக்கு ஒரு கண்ணைக் காட்டியிருக்கலாம் இல்லையா? போனை மூடினதுக்கு அப்புறமாவது, ஐயா, இது சும்மா கிழவிக்குச் சொன்னதுன்னு ஒரு வார்த்தை. துண்டால் துடைச்சுக் கொடுத்தாரே, அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாமே. அவர் சொல்லலை. நான் எழுதினேன். தப்பு எங்கே ஆரம்பிக்குதுன்னு பாரு.

கமிட்டிக்காரங்க விசாரிச்சிருக்கணும். தம்பின்னு எழுதியிருக்கானே, தம்பி இருக்கானான்னு தூதரகத்துக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டிருக்கணும். என் ரிப்போர்ட்டை யாரும்மா அவ்வளவு நம்பச் சொன்னது?

கையெழுத்துன்னு வர்றப்போ யோசி. "எனது கைப்பேசி வழியாக." இந்த மூணு வார்த்தையில் கையெழுத்துப் போட்டால் நான் கோர்ட் ஆர்டரை மீறினேன்னு நானே சொன்னதாகும். பொய் ரிப்போர்ட் கொடுத்தேன்னு நானே சொன்னதாகும். பென்ஷனை நிறுத்திட்டு விசாரணைம்பான். பென்ஷன் போனால் போகட்டும்னுகூட ஒரு நிமிஷம் நினைச்சேன். சத்தியமா. நேத்து வக்கீலம்மா போனை வைச்சதும், போட்டுடலாம், அந்தச் சொதி வைச்ச பொண்ணுக்காகப் போட்டுடலாம்னு நினைச்சேன். பேனாவைக்கூட எடுத்து மேஜையில் வைச்சேன்.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். உள்ளே என் சம்சாரம் படுத்திருக்கா. பக்கவாதம். கையும் காலும் ஒரு பக்கம் வராது, பேச்சும் குழறும். காது மட்டும் நல்லாக் கேட்கும், முன்னைவிட நல்லாக் கேட்குது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குவைத்திலிருந்து பையன் பேசுவான். ஸ்பீக்கரில் போட்டு அவள் தலைமாட்டில் வைச்சுடுவேன். வர்ற தைக்கு வர்றேம்மாங்கிறான். டிக்கெட் பார்த்துட்டேன், வந்ததும் உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறேங்கிறான். அந்த ஒரு பேச்சில்தான் அவள் திங்கக்கிழமை ரெண்டு இட்லி சாப்பிடுறா.

என்ன கேட்டே?

ஏழு வருஷம்.

லீவு கிடைக்கலைம்மா. கம்பெனி மாறினான், பாஸ்போர்ட்டை முதலாளி வைச்சிருக்கான், நடுவில் கொரோனா. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் வரத்தான் செய்யும். அவன் வர்றேன்னு சொன்னால் வருவான். அவன் அப்படிச் சும்மா சொல்றவன் இல்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறே?

பெத்த தாய்கிட்டே போனில் யாரும்மா பொய் சொல்லுவான்? உங்கப்பா சொல்லியிருக்கலாம், உங்க நிலைமை வேறே. ஆனா அதை நான் எழுதித் தரணும்கிறே. ஒரு மகன் வாறன்னு சொன்னது ஆறுதலுக்குச் சொன்னது, அதை நம்பினது என் அறியாமைன்னு நான் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை போட்டு, நாளைக்குக் கோர்ட்டில் சத்தமா வாசிப்பாங்க. இங்கே பக்கத்து அறையில் ஒருத்தி கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கா. இப்பவும் கேட்கிறா. கட்டில் சத்தம் கேட்டுச்சா? திரும்பிப் படுக்க முடியாதவ அவ. கேட்கிறான்னு அர்த்தம்.

என்னால் ஆகாதும்மா.

ஆகாதுன்னா கோபத்தில் சொல்லலை. உங்கப்பா மேல் எனக்கு எவ்வளவு மதிப்புன்னு உனக்கே தெரியும். வேறே வழி இருக்குது. நீ எழுந்திருக்காதே, உட்காரு. பேப்பரை எடுத்துக்கோ, பரவாயில்லை, மடிச்சு வைச்சுக்கோ. ஆனா வெறுங்கையோடு உன்னை அனுப்ப மாட்டேன். ஒரு பேச்சுக்குச் சொல்றேன், நாளைக்குக் கோர்ட்டில் ஆகலைன்னு வைச்சுக்க, வியாழக்கிழமை ஏத்தினாங்கன்னே வைச்சுக்க. அங்கே இறங்கினதும் அந்த ஊர் அதிகாரி முன்னாடி நிக்கணும் இல்லையா? கையில் ஒரு நல்ல கடுதாசி இருந்தால் எப்படி இருக்கும்? தமிழ் படிக்கத் தெரிஞ்ச அதிகாரி அங்கேயும் ஒருத்தன் இருப்பான்.

இப்பவே எழுதித் தர்றேன். கோடு போட்ட தாள் இருக்குது. பேருக்குக் கீழே எஸ்.எஸ்.ஐ., ஓய்வுன்னு போட்டு என் பழைய பெல்ட் நம்பரும் போடுறேன். போலீஸ்காரன் எழுதினால் போலீஸ்காரன் படிப்பான்.

பார், எழுதிக்கிட்டே சொல்றேன். இக்கடிதம் கொண்டுவரும் தவராசா என்பவரை மூன்று நாள்கள் நான் நேரில் அறிவேன். பணிவானவர். அதிகாரிகளுக்கு முழு ஒத்துழைப்பு அளிப்பவர். தம் பழைய செயல்களைப் பற்றி, அப்படிப் போட்டால் நல்லது, பழைய செயல்களைப் பற்றி என்னிடம் மனம் திறந்து பேசியுள்ளார். இவரால் யாருக்கும் எவ்விதத் தொந்தரவும். தொந்தரவா, இடையூறா? இடையூறு. எவ்வித இடையூறும் ஏற்படாது என உறுதி கூறுகிறேன். இவருடைய குடும்பத்தார்.

குடும்பத்தார்னு வந்துட்டா யாராவது ஒருத்தர் பேர் வேணும்மா. அது இல்லைன்னா கடுதாசிக்கு மதிப்பு இல்லை. கேட்பாங்க, உன்னை யார் வந்து கூட்டிப்போவாங்கன்னு. கிழவிக்குக் கண் தெரியாது, அவங்க பேரைப் போட்டு என்ன பிரயோஜனம். ஆம்பளை ஆள் பேர் இருக்கணும். அவர் இருக்கிறாரா இல்லையான்னு நமக்கு என்ன தெரியும், நாம பார்த்தோமா? காணோம்னுதானே சொல்றீங்க, இல்லைன்னு யாரும் சொல்லலையே. அங்கே இருக்கிற அதிகாரிங்களே தேடிப் பார்க்கட்டும்.

கையை எடும்மா, மை ஈரமா இருக்குது. தாளை விடு.

உங்க சித்தப்பா. கபிலதாஸ். அப்பா பேரோடு முழுசாச் சொல்லு, போட்டுக்கிறேன்.